போறேன்

"போறேன்," என்று சொல்லிவிட்டுச் சந்திரமதி செருப்பை மாட்டினாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த குணாளனுக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. நாற்பது நாளாக அவருக்கு எதுவுமே தைப்பதில்லை. பெண்டாட்டி தன்னைக் குத்துகிறாள் என்பது மட்டும் புத்திக்குத் தெரிந்தது.

பெக்கோக்கிலிருந்து துக்கம் விசாரிக்க மறுபடியும் வந்திருந்த அவருடைய அக்கா கருப்பாயிதான் பதறிப்போனார்.

"என்னா புள்ள பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லு! அந்த ஒரு வார்த்தையாலதானே பெத்த பொண்ண வாரிக் குடுத்துட்டு நிக்கிறோம்? ஞாயித்துக்கிழமை மணி அஞ்சு, ராகு காலம் வேற!"

"தேத்தண்ணி கலக்கப் பால் டின் இல்ல, அண்ணி," என்றாள் சந்திரமதி. திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டைத் திறந்துகொண்டு போனாள்.

ஸ்கூடாயில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கக் குணாளனுக்கு 'ராக்கெட் குணா' என்றுதான் பேர். தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, வீட்டு வாசலில் ஒரு தொலைநோக்கி, வாயில் எந்நேரமும் விண்வெளி. பூனை குறுக்கே போனால், "அதுக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்குலா," என்பார். பல்லி சத்தமிட்டால் பல்லிக்குப் பதில் சொல்வார்.

சந்திரமதி நேர் எதிர். நாள்காட்டியில் தாளைக் கிழித்து நேரம் பார்க்காமல் வாசற்படி தாண்ட மாட்டாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் மகள் லோஷினி அப்பா பக்கம். நாலு வயதிலிருந்தே, "மூணு, ரெண்டு, ஒண்ணு, போறேன்பா!" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவாள். அம்மாக்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

"விடு மதி," என்று சிரிப்பார் குணாளன். "வாயேஜர் விண்கலம் என்ன, போயிட்டு வரேன்னு சொல்லிட்டா போச்சு? நாப்பது வருஷம் தாண்டியும் சிக்னல் அனுப்பிக்கிட்டுத்தானே இருக்கு! ராக்கெட்டுக்கு வார்த்தை முக்கியமில்லலா. செகண்டுதான் முக்கியம்."

அவருக்கு அன்று காலையும் அப்படித்தான். லோஷினி சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தபோது, குணாளன் கைப்பேசியில் ஒரு ராக்கெட் ஏவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் இயர்போன். மகள் பக்கம் கையை மட்டும் ஆட்டினார்.

ராக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. லோஷினி தாமான் முனையைக்கூடத் தாண்டவில்லை. சிவப்பு விளக்கை மதிக்காமல் ஒரு லாரி வந்தது.

பக்கத்து வீட்டு வசந்தன்தான் ஓடி வந்து சொன்னான். "அலமாக், அண்ணே! என் கண்ணு முன்னாடியே நடந்துச்சுண்ணே! ஒரு நிமிஷம் முந்தியிருந்தா புள்ள முனையத் தாண்டிப் போயிருக்கும்ணே!" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

குணாளன் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் தொலைநோக்கியின் மேல் ஒரு பழைய கைலியைப் போட்டு மூடினார். அதோடு சரி.

சந்திரமதியும் அழுது அவர் பார்க்கவில்லை. நாள்காட்டி அந்தத் தேதியிலேயே நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து கடைக்குப் போனாலும் சரி, கிளினிக்குக்குப் போனாலும் சரி, வாசலில் நின்று ஒரே வார்த்தைதான். போறேன்.

'என் வார்த்தையாலேயே என்னை அடிக்கிறாள். அடிக்கட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு,' என்று குணாளன் நினைத்துக்கொள்வார். அந்தக் காலையைப் பற்றி அவரும் கேட்டதில்லை, அவளும் வாய் திறந்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு வந்தவர்கள்போல இருந்தார்கள்.

"நீ கத்துக் குடுத்ததுதான்டா எல்லாம்," என்று கருப்பாயி மூக்கைச் சிந்தினார். "பொம்பளப் புள்ளைக்குப் போறேன்னு சொல்லப் பழக்கி வெச்சியே, பாவி! இந்த வீட்டுல அவ வேற என்னாத்தடா சொல்லிட்டுப் போயிருப்பா?"

வார்த்தை வெறும் சத்தம், அது லாரியை ஓட்டி வராது என்று குணாளனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்தச் சத்தம்தான் அவரைத் தூங்க விடாமல் அடித்தது.

கருப்பாயி எழுந்து தண்ணீர் கொதிக்க வைக்க அடுப்படிக்குப் போனார். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சந்திரமதி பால் டின்னோடு உள்ளே வந்தாள்.

குணாளன் எழுந்து நின்றார்.

"மதி, என்னைய மன்னிச்சிரு. உன்னாட்டம் நானும் அவளுக்குப் 'போயிட்டு வரேன்'னு சொல்லச் சொல்லிக் குடுத்திருக்கணும். நீ தெனமும் என்னைக் குத்திக் காட்டுறது நியாயந்தான்."

சந்திரமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது நாளில் அதுதான் முதல் தடவை.

"குத்திக் காட்டுறேனா? நானா?"

"போறேன் போறேன்னு சொல்றியே..."

அவள் டின்னை மேசைமேல் வைத்தாள். கிழிக்காத நாள்காட்டியைப் பார்த்தாள்.

"எனக்கு இனிமே அந்த இன்னொரு வார்த்தை வாயில வராதுங்க," என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நீங்க சொல்வீங்களே, செகண்டுதான் முக்கியம்னு. அது சரிதான்."

"என்ன மதி சொல்ற?"

"கேட்டத் தாண்டுனவள அன்னிக்குத் திரும்பக் கூப்பிட்டு நிறுத்தி, 'போயிட்டு வரேன்'னு சொல்ல வெச்சுத்தாங்க அனுப்புனேன்."