கரண்டு இருக்குதா நாச்சி?

"ரூபன், லேப்டாப் மறுபடி கத்துதப்பா! கரண்டு போயிருச்சுன்னு மெசேஜ் வந்திருக்குது!"

காந்திபுரத்துக் கல்யாண மண்டப வாசலில், நாதஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்திப் போனில் கத்தினார் அங்கப்பன். உள்ளே அக்கா மகள் நித்யஸ்ரீக்கு முகூர்த்தம். தாய்மாமன் மேடையில் நிற்க வேண்டிய நேரத்தில், மனுசன் செருப்புக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

நினைப்பெல்லாம் கருமத்தம்பட்டிப் பண்ணையில். நேற்றுத்தான் கோழிக்குஞ்சுகள் இறக்கியிருந்தார்கள். பல்புச் சூடு நின்றால் அத்தனையும் விறைத்துப்போகும். அதற்காகவே ஷெட்டில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, அதில் கம்ப்யூட்டர் கடை ரூபன் லினக்ஸ் மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தான். கரண்டு போனால் லேப்டாப் பேட்டரிக்கு மாறும். மாறியதுமே அங்கப்பனுக்குத் தகவல் வந்துவிடும்.

"கடையிலிருந்தே நெட்டுல லேப்டாப்புக்குள்ள போய்ப் பாத்துட்டேனுங்ணா. அடாப்டர் இல்லைன்னு காட்டுது, பேட்டரி எறங்கிட்டே இருக்குதுங்க. ஊட்டுல சொல்லிப் பிளக்கைப் பாக்கச் சொல்லுங்க" என்றான் ரூபன்.

மனைவி நாச்சியம்மாளை ஷெட்டிலேயே காவல் வைத்துவிட்டு வந்திருந்தார். "போன் மட்டும் அணையக்கூடாது" என்று கட்டளை வேறு. கிளம்பியதிலிருந்து குஞ்சுகளை விசாரித்து எத்தனை தடவை கூப்பிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

"கரண்டு இருக்குதா நாச்சி?"

"இருக்குதுங்க. பல்பு எரியுது."

"லேப்டாப் பிளக்கு?"

"சொருகித்தாங்க இருக்குது. நீங்க மேடைக்குப் போங்க."

வைத்ததுமே ரூபன் கூப்பிட்டான். "இப்பத்தான் அடாப்டர் நல்லாத் தெரிஞ்சுதுங்ணா. உடனே போயிருச்சு. லினக்ஸ்ல கோளாறா, வயர் லூஸான்னு புரியலீங்க."

மறுபடி மனைவிக்கு. மறுபடி அதே பதில். வைத்தால் மறுபடி மெசேஜ். அங்கப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷெட்டில் இருக்கிறாளா, வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு கதை விடுகிறாளா? மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதே!

"தம்பி, தாலி கட்டப் போறாங்க. தாய்மாமன் எங்கேன்னு கேக்கறாங்கடா!" அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"இதோ வாரேனக்கா" என்றவர் நேரே காரில் போய் ஏறினார்.

அவிநாசி ரோட்டில் லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே பண்ணைக்கு வந்து, ஷெட் கதவைத் தள்ளினார். பல்புகள் மஞ்சளாக எரிந்தன. குஞ்சுகள் கீச்கீச்சென்று ஓடின. நாச்சியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் வயர் மட்டும் தரையில் கிடந்தது. பிளக்கில் சொருகியிருந்தது அவளுடைய போன் சார்ஜர்.

"என்ன புள்ளே இது?"

"இருக்கறது ஒரே பிளக்கு. நீங்க ஓயாமக் கூப்பிட்டா போனுல சார்ஜ் நிக்குமாங்க? அதான் அதைப் புடுங்கிப்போட்டு இதைச் சொருகினேன். நீங்க கூப்பிடறப்பெல்லாம், கோவிச்சுக்குவீங்கன்னு அதைத் திருப்பிச் சொருகிப்போட்டுத்தான் போனையே எடுத்தேன்."

அங்கப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாச்சியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகப் போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார்ஜ் போட்டதும் நல்லதாப் போச்சுங்க. வீடியோல கூப்பிட்டுக் கல்யாணத்தைக் காட்டுனாங்க. தாலி கட்டறதைக் கண்குளிரப் பாத்தேன். உங்களைத்தான் மேடையில காணோம்!"