கோட்டைவாசல் பந்தயம்

"உன் புருஷன் என்ன, பெரிய ராஜாவா? உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேங்கிறாரே!"

கெர்லிண்டே கேட்டதும் கோட்டைவாசலில் சிரிப்பு வெடித்தது. போன வருடம் ஜெயித்தவள். அவள் வாய்க்கு அந்த ஜெர்மன் ஊரே பயப்படும். மற்ற புருஷன்மார் எல்லாம் மனைவியின் முதுகில் துள்ளி ஏறிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஹம்பர்க்கிலிருந்து மனைவி ரோஸ்விதாவோடு சுற்றிப்பார்க்க வந்த எக்கார்ட் மட்டும் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஆமா, ராஜாதான். உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்றாள் ரோஸ்விதா.

ஒரு காலத்தில் இந்தக் கோட்டையை வளைத்த அரசன், பெண்கள் மட்டும் முதுகில் சுமக்க முடிந்ததோடு வெளியேறலாம் என்றானாம். அவர்கள் புருஷன்மாரைச் சுமந்து இறங்கி, அவன் முகத்தில் கரி பூசினார்கள். அந்த நினைவுக்குத்தான் கீழே சந்தைத் திடல் வரை இந்தப் பந்தயம்.

ரோஸ்விதாவின் அக்கா ஒட்டிலி அவளை ஓரமாக இழுத்தாள். "நடுவழியில இவரைக் கீழே போட்டேன்னா, நான் சொன்னபடி இவரை விட்டுட்டு என்னோட வந்துடணும்."

"போட மாட்டேன்க்கா. ஜெயிச்சுட்டா அந்தப் பேச்சை இனிமே நீ எடுக்கவே கூடாது."

ரோஸ்விதா முதுகைக் காட்டிக் குனிந்தாள். எக்கார்ட் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் கால்களைத் தன் இடுப்போடு சால்வையால் இறுக்கிக் கட்டினாள்.

"கட்டி வேற போடணுமா? அவிழ்த்துவிட்டா ஓடிடுவாரோ?" என்றாள் கெர்லிண்டே.

"கீழே வா, பேசிக்கலாம்!"

கொம்பு ஊதியது. மழையில் நனைந்த கல்பாதை வழுக்கியது. கெர்லிண்டே முன்னால் பறந்தாள். ரோஸ்விதாவுக்கு மூச்சு முட்டியது.

"போதும், இறக்கி விட்டுடு ரோசி" என்றார் எக்கார்ட்.

"வாயை மூடிட்டு கெட்டியாப் பிடிங்க!"

திராட்சைத் தோட்டத்து வளைவில் கெர்லிண்டேயை முந்தினாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. சந்தைத் திடலில் கட்டியிருந்த கயிற்றை அவள்தான் முதலில் தொட்டாள்.

நடுவர் ஒயின் புட்டியோடு ஓடிவந்தார். "நீதாம்மா ஜெயிச்சே! அவரை இறக்கி விடு, ரெண்டு பேரும் மேடையில ஏறி நில்லுங்க!"

"எங்கேன்னு இறக்குறது?" மூச்சிரைக்கச் சிரித்தாள் ரோஸ்விதா. "இவரோட சக்கர நாற்காலி மேலே கோட்டையிலயே இருக்கு. கெர்லிண்டே, நீதான் நல்லா ஓடுவியே, போய்த் தள்ளிட்டு வா!"