பாண்டீஸ்வரிக்கு ஒரு வளையம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஜெயபாண்டி சிகரெட் பாக்கெட்டைத் திறந்து பார்த்தான். நேற்று சாயங்காலம் முழுசாகப் பத்து இருந்தது. குடித்தது ரெண்டு, இருப்பது நாலு.

"ஒர்க்ஷாப்புல எவனோ உருவுறான் ஏட்டி!"

"குடிச்சது மறந்துபோச்சுன்னு சொல்லுங்க. பக்கத்துல வந்தாலே குமட்டுது," என்று அவன் பொண்டாட்டி பாண்டீஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பர்ஸிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அவளுக்கு ராஜபாளையம் மில்லில் ஷிப்டு வேலை. வாரத்துக்கு வாரம் நேரம் மாறுவதால் கருத்தடை மாத்திரையை ஒழுங்காகப் போட முடியவில்லை. போன மாதம் ரெண்டு நாள் மறந்து, பத்து நாள் தள்ளிப்போய், அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இருக்கிற ரெண்டு பிள்ளைகளே வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள். மூணாவது வேண்டவே வேண்டாம் என்றுதான் இங்கே வந்திருக்கிறாள்.

டாக்டர் நஸீபா மேஜை மேல் ஒரு மெல்லிய வளையத்தை வைத்தார். தொட்டால் ரப்பர் மாதிரி வளைந்தது.

"இதை நீங்களே பிறப்புறுப்புக்குள்ள வச்சுக்கலாம்மா. மூணு வாரம் உள்ளயே இருக்கட்டும். நாலாவது வாரம் எடுத்துட்டா மாதவிடாய் வரும், பொறவு புதுசு. தினமும் ஞாபகம் வச்சுக்கிற வேலையே இல்ல."

பாண்டீஸ்வரி முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் டாக்டர் எனக்கு வேணும்!"

"எல்லாருக்கும் ஒத்துவராதும்மா. உங்களுக்கு ஒத்துவரலைன்னாலும் கவலை இல்ல, காப்பர்-டி இருக்கு. சில கேள்வி கேக்கணும். சார், நீங்க செத்த வெளிய இருக்கீங்களா?"

"பரவால்ல டாக்டர். பதினாலு வருசமாச்சு, எனக்குத் தெரியாதது இவகிட்ட என்ன இருக்கு?" என்று ஜெயபாண்டி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வயசு?"

"முப்பத்தாறு," என்றான் ஜெயபாண்டி.

"பிரஷர்?"

"அவளுக்கு இல்ல. அவளால எனக்குத்தான்."

"கண்ணுல மின்னலடிச்சு ஒத்தைத் தலைவலி வருமா?"

"அடுத்தவங்களுக்கு வரவைப்பா."

"கால்ல ரத்தம் கட்டியிருக்கா?"

"அந்தக் கால் ஒரு இடத்துல நின்னாத்தான டாக்டர் கட்டும்!"

டாக்டர் ஒவ்வொரு தடவையும் பாண்டீஸ்வரியைத்தான் பார்த்தார். அவளும் சிரித்தபடி இல்லையென்று தலையாட்டினாள்.

"சிகரெட், பீடி?"

ஜெயபாண்டி நெளிந்தான். "ரெண்டே ரெண்டு டாக்டர். பிள்ளைக மேல சத்தியமா."

"உங்களை யாரு கேட்டா? அவங்களைக் கேட்டேன்."

ஜெயபாண்டி சிரித்த சிரிப்பில் நர்ஸ் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "இவளா! நான் பத்த வச்சாலே மொட்டைமாடிக்கு விரட்டுற ஆளு. இப்பக்கூட வாசல்ல மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வந்தா."

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

"கேக்க வேண்டியது என் கடமை சார். முப்பத்தஞ்சு தாண்டின பொம்பளைங்க புகை பிடிச்சுக்கிட்டே இதை வச்சா ஆபத்து. ரத்தம் உறைஞ்சு மாரடைப்பு, பக்கவாதம்னு போயிரும். உங்க வீட்டுல அந்த வம்பு இல்ல. இந்தாங்கம்மா, மெடிக்கல்ல சொல்லி மதுரையிலிருந்து வரவழைச்சுக்கோங்க."

சீட்டை வாங்க நீட்டிய பாண்டீஸ்வரியின் கை பாதி வழியிலேயே நின்றது. வளையமும் வேண்டும், உயிரும் வேண்டும், பக்கத்தில் புருஷன் வேறு இன்னும் சிரித்து முடிக்கவில்லை. பாவம், வாயிலிருந்த கிராம்பைக் கடக்கென்று கடித்தாள்.

"வாங்கு ஏட்டி. எம்புட்டு நேரம் நீட்டிக்கிட்டே இருப்பாக?" என்றான் ஜெயபாண்டி, பாக்கெட் இருந்த சட்டைப் பையைத் தடவிக்கொண்டே.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பக்கம் திரும்பாமல், டாக்டரை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு நாலு, டாக்டர்."