குத்தகைக்காரர் வராத செவ்வாய்க்கிழமை

பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

சந்தையில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. கவனித்த ஒருத்தியும் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"மைக்கு தம்பி, இங்க வாங்க."

கீரை விற்கும் மயிலாத்தாள்.

அவர் சுயேச்சை வேட்பாளர். அரசாங்கத்தில் பாதித் துறைகளை மூட வேண்டும். கடை வைக்க உரிமம் கூடாது. சந்தைக்குச் சுங்கம் கூடாது. மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். காலையிலிருந்து வேனில் நின்று இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

கம்பியில்லாத மைக்கை அணைத்துவிட்டு, அதைப் பிடித்தபடியே இறங்கிப் போனார்.

"இந்த அக்கிரமத்தைப் பாருங்க" என்றாள் மயிலாத்தாள்.

அக்கிரமம் ஒரு நிழல்.

திடலில் மரம் கிடையாது. நாலு தூணில் நிற்கும் குடிநீர்த் தொட்டியின் நிழல்தான் மொத்தச் சந்தைக்கும் நிழல். வெயில் நகர, அதுவும் நகரும்.

உச்சிவேளையில் சந்தைச் சுங்கம் வசூலிக்கும் குத்தகைக்காரர் வருவார். "நகரு, நகரு" என்று ஒரு சத்தம். கீரையும் பூவும் நிழலுக்குள் வரும். வாடாத சரக்கு வெயிலுக்குப் போகும். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் இடம் மாறுவார்கள்.

குத்தகை போன வாரத்தோடு முடிந்துவிட்டது. தேர்தல் முடிந்துதான் அடுத்த ஏலம்.

இன்று சத்தம் போட ஆளில்லை.

நிழல் நகர்ந்து, ரங்கநாயகியின் பிளாஸ்டிக் வாளிகள் மேல் விழுந்திருந்தது. ரங்கநாயகி அசையவில்லை.

"கீரை வாடுது. பிளாஸ்டிக்கு வாடுமா? நீங்களே சொல்லுங்க தம்பி."

"வாளி வாடாது ஆத்தா. நான் வாடுவேனில்ல?" என்றாள் ரங்கநாயகி. "நிழல் என்னத் தேடி வந்துச்சு. நானா போய்க் கூப்பிட்டேன்?"

பக்கத்துக் கடைகள் சிரித்தன.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் மைக்கை உயர்த்தினார். தாழ்த்தினார்.

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் அவரும் ஒரு குத்தகைக்காரர்.

"நான் சொல்லக் கூடாதுங்க" என்றார். "நீங்களே பேசித் தீர்த்துக்குங்க."

"இதச் சொல்லத்தான் மைக்கு வெச்சுட்டு வந்தீங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

வேன் ஓட்டுகிற நாச்சிமுத்து காதருகே வந்தான். "எதையாச்சும் சொல்லிருங்கண்ணா. ஒரு ஓட்டாவது நிக்கும். இப்படியே நின்னா ரெண்டும் போயிரும்."

மாட்டேன் என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

உண்மையில் அவருக்கு ஓட்டு மறந்துபோயிருந்தது. என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் படித்தது, எழுதியது, வாதாடியது எல்லாம் இந்த இரண்டு பேர் மடியில் கிடந்தது.

சிறுகீரைக் கட்டுகள் மெல்லத் தலை சாய்த்தன.

மயிலாத்தாள் தண்ணீர் தெளித்தாள். தெளித்த சுவடே தெரியாமல் காய்ந்தது. ஈரக் கோணிச் சாக்கை எடுத்து மூடினாள். மூடிய கீரையை யார் வாங்குவார்கள்? எடுத்துவிட்டாள்.

அவள் யாரையும் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சொல்லிவிடலாம். 'கொஞ்சம் நகருங்கக்கா.' அவ்வளவுதானே?

நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ரங்கநாயகி எழுந்தாள்.

இரண்டு கையிலும் வாளி அடுக்கைத் தூக்கினாள். வெயிலில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து நிழலிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியான இடத்தைக் கையால் தட்டினாள்.

"கீரையத் தூக்கிட்டு வா ஆத்தா. வாளி அங்க காயட்டும். நாம இங்க உக்காந்துக்கலாம். போகும்போது ரெண்டு கட்டு எனக்கு."

"ஒண்ணு."

"ரெண்டு. வாளிக்கு ஆள் வந்தா நான்தான எந்திரிச்சு ஓடணும்?"

மயிலாத்தாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான்.

குத்தகைக்காரருக்கு இத்தனை வருடமாக இது தோன்றவேயில்லை. அவர் சரக்கையும் ஆளையும் சேர்த்தே துரத்தினார்.

வேட்பாளருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஊர் ஊராகச் சொல்லியும் யாருக்கும் புரியாத ஒன்று கண்ணெதிரே நடந்து முடிந்திருந்தது. இதைச் சொன்னால் போதும். இனி வேறு பேச்சே வேண்டாம்.

மைக்கைப் போட்டு, "பாத்தீங்களா!" என்றார்.

"பாத்தோம்" என்றாள் மயிலாத்தாள். கட்டுகளை நிமிர்த்தி அடுக்கிக்கொண்டிருந்தாள். "நாங்களே பாத்துக்கிட்டோம். அப்புறம் உங்களுக்கு எதுக்குங்க தம்பி ஓட்டு?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

அவரும் சிரித்தார். இதற்குப் பதில் இருந்தது.

"போய்ப் பூட்டிட்டு வர்றதுக்குங்கக்கா. வேண்டாத ஆபீசை எல்லாம். பூட்டினதும் நானும் வீட்டுக்கு வந்துருவேன்."

"பூட்டுங்க" என்றாள் ரங்கநாயகி. "சாவி யாருகிட்ட இருக்கும்?"

சிரிப்பு நின்றது.

இதை அவர் எந்தத் துண்டறிக்கையிலும் எழுதியதில்லை.

சுற்றிலும் பார்த்தார். வெங்காயக் கடை, கருவாட்டுக் கடை, தூரத்தில் ஆட்டுச் சந்தை. எல்லா முகமும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. போட்ட மைக்கை அவர் அணைக்கவே இல்லை. கேள்வி வேனின் ஒலிபெருக்கி வழியாகத் திடல் முழுக்கப் போயிருந்தது.

பொய்யாக ஒன்றைச் சொல்லலாம். நன்றாகவே பேசுவார்.

அவர் குனிந்தார்.

"எனக்குத் தெரியலைங்கக்கா. யாருகிட்ட இருந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்?"

மைக்கை நீட்டினார்.

ரங்கநாயகி அதைப் பார்த்தாள். மயிலாத்தாளைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

ஒலிபெருக்கியில் முதலில் அவள் மூச்சு கேட்டது.

சந்தை காத்திருந்தது.