பெரிய திரை மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வது ஒழிந்து, மாப்பிள்ளையோடு ஒரு கேம் ஆடச் சொல்லும் காலம் அது. ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். ஹரீந்திரன் தாம்பாளம் அளவு டேப்லெட்டுடன் வந்திருந்தான். கோமதியின் கையில் விரிசல் விழுந்த போன்.

"எங்க வம்சத்துல யாரும் போன்ல ஆடினதில்ல," என்று முகம் சுளித்தாள் அவன் அம்மா.

டேப்லெட்டில் ஓடியதும் அதே போன் கேம்தான். ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள், வேறு ஒரு மண்ணும் இல்லை. ஹரீந்திரனின் கட்டைவிரல் திரையின் நடுவுக்கே எட்டவில்லை. மூன்றாம் நிமிடம் கோமதி அவனை ஜெயித்துவிட்டாள்.

"தோத்தாலும் என் பையன் பெரிய திரையில தோத்தான்!"

"பெருசாத்தாங்க இருக்கு," என்று கோமதி டேப்லெட்டை வாங்கினாள். காலி காபி டம்ளர்களை அதன்மேல் அடுக்கிச் சமையலறைக்கு எடுத்துப் போனாள்.