ஓட்டைப் படகுக்குத் தார்

தையல்கார ஜாபருக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. உப்புக் காற்று பட்டாலே தும்முகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் எங்கிருந்தோ ஒரு ஓட்டைப் படகை வாங்கி, ராயபுரத்தில் பதினோரு குடித்தனம் இருந்த அந்தக் காம்பவுண்டுக்குள் போட்டு, வேளை தவறாமல் தார் பூச ஆரம்பித்தார்.

நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம். ஹார்பருக்கு வந்த கப்பலொன்று மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் திரும்பிவிட்டதாகக் கேள்வி.

"பாய்க்கு இன்னா, மூளை கலங்கிப் போச்சா?" குழாயடியில் தேசம்மா கத்தினாள். "ஞாயித்துக்கெழம வூட்டு சொந்தக்காரரு வரட்டும். படகையும் பாயையும் சேர்த்து வெளிய தள்ளச் சொல்றேன்!"

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடினாள்.

ஏனென்றால், தார் நாற்றம் முதலில் கிளம்பியது அவளிடமிருந்துதான்.

இரண்டு கையிலும் மீன் செதில் மாதிரி உதிரும் படை. ஆஸ்பத்திரியில் தார்க் களிம்பு கொடுத்தார்கள். "யாருக்கும் ஒட்டாது. ஆனால் ஆறின மாதிரி தெரிந்தாலும் நானாகச் சொல்லாமல் நிறுத்தாதே" என்றார் டாக்டர்.

களிம்பு நன்றாகத்தான் வேலை செய்தது. போன மாதம் இதே தேசம்மா மூக்கை உறிஞ்சி, "யார் மேலர்ந்து தாரு நாத்தம் வர்து? யாருக்குனா பெருவியாதியா?" என்றாள். அன்றைக்கே களிம்பு டப்பா ரேஷன் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது.

பெருவியாதி என்று ஒரு வாய் சொன்னால் போதும், சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். படையோ இப்போது கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில் படகு சரியாக அவள் வாசலுக்கு எதிரே! தெரிந்துகொண்டுதான் குத்திக் காட்டுகிறாரோ?

பொறுக்க முடியாமல் போய் நின்றாள்.

"ஏன் பாய், வேணும்னே என் வாசல்ல பூசுதீரு? நான் உமக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

ஜாபர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கை நீளமா, கழுத்து ஏத்தமா ரவிக்கை தைக்கச் சொல்லி, அளவுக்குப் பழசு ஒண்ணு குட்த்தியே தங்கச்சி. அதுல தாரு கறை."

அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கழுத்து வரைக்கும் மூடணும்னா நோவு ஏறுது. வாடையும் வர்ல. அப்ப நீ மருந்த நிறுத்திட்டேன்னு அர்த்தம். தையக்காரனுக்கு இது தெரியாதா?"

"ஞாயித்துக்கிழமை உம்மை வெளிய தள்ளப் போறாவளே பாய்!"

"வூட்டு சொந்தக்காரரு தள்ளுவாரா? அவரு பொண்ணு கல்யாணத் துணி பூரா என் மிஷின்லதான் கீது." ஜாபர் தார் மட்டையைத் தோய்த்து எடுத்தார். "நீ தைரியமா டப்பாவை எடுத்துப் பூசு. உன் டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் இந்தப் படகோட ஓட்டை அடையாது!"