வகுப்புக்குப் போகாத டெல்பர்ட்

"மூணாவது தடவை, மிஸ்டர் டெல்பர்ட்! உங்களுக்கு வெட்கமாவே இல்லையா?"

கேட்டவர் வின்னிஃப்ரெட். கட்டடக் கலைஞர்களுக்கும் இன்டீரியர் டிசைனர்களுக்கும் லைசென்ஸ் கொடுக்கிற, தப்பு செய்தால் பிடுங்குகிற மாநில வாரியத்தின் தலைவி. ஃப்ளோரிடாவில் வாரியம் ஊர் ஊராகப் போய், ஓட்டல் ஹாலில்தான் விசாரணை நடத்தும். இந்த முறை பென்சகோலா.

கட்டடக் கலைஞரான கிழவர் டெல்பர்ட் தலையைச் சொறிந்தார்.

"இருந்துச்சு மேடம். பழகிடுச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வின்னிஃப்ரெட் முறைத்தார். சிரிப்பு அடங்கியது.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்புகளுக்குப் போய், அதை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். டெல்பர்ட் பெயரில் ஒரு வகுப்புகூடப் பதிவாகவில்லை.

"ரெண்டு தடவை அபராதம் போட்டோம். இந்த மாதிரி வாரியக் கூட்டத்துக்கு வந்து உட்காருங்கன்னு தண்டனையும் குடுத்தோம். நீங்க என்னடான்னா கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வர்றீங்க! இனி லைசென்ஸை முடக்கறதைத் தவிர வேற வழியில்ல."

டெல்பர்ட்டின் முகம் சுருங்கிப்போனது. ஐம்பது வருஷத் தொழில். லைசென்ஸ் போனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எதன் வரைபடத்திலும் அவர் முத்திரை குத்த முடியாது.

"ஒரு நிமிஷம் மேடம்!"

எழுந்தவள் யெசேனியா, டாம்பாவில் இன்டீரியர் டிசைனர். விளம்பரத்தில் லைசென்ஸ் நம்பர் போடவில்லை என்று அவள் மேலும் ஒரு கேஸ். காலையில் ஹாலுக்கு வெளியே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தவளிடம் அவித்த கடலைப் பொட்டலத்தை நீட்டியவர் இந்த டெல்பர்ட்தான்.

"சாப்பிடும்மா. நானும் உன்னை மாதிரி கேஸ்தான். இவங்க கடிக்க மாட்டாங்க. சாக்குப்போக்கு மட்டும் சொல்லாத. தப்புதான், சரிபண்ணிட்டேன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோ."

தன் முறை வந்ததும் அவள் அப்படியே செய்தாள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

"மேடம், இவர் வகுப்புக்கு வந்தாரு! காலையிலயே எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னு நினைச்சேன், இப்பதான் ஞாபகம் வருது. டாம்பாவுல எனக்கு முன் வரிசை. தீப்பிடிச்சா கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு வாத்தியாரோட சண்டையே போட்டாரு!"

டெல்பர்ட் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கடலை குடுத்ததுக்கு இதுவா நீ செய்யற கைம்மாறு?"

யெசேனியா திருதிருவென்று விழித்தாள்.

"வகுப்புக்குப் போனீங்களா, இல்லையா?" என்றார் வின்னிஃப்ரெட்.

"போனேன்."

"இந்தத் தடவை எல்லாத்துக்குமா?"

"ஒண்ணு விடாம."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

டெல்பர்ட் தொண்டையைச் செருமினார்.

"முதல் தடவை நிஜமாவே போகலைங்க. மறந்துட்டேன். விசாரணைக்கு வந்த அன்னிக்கு, ஹாலுக்கு வெளியில கேஸ்ல மாட்டின ஒரு பையன் அழுதுட்டிருந்தான். தொழிலே போச்சுன்னு நினைச்சிட்டான், பாவம். பேச்சுக் குடுத்தேன். தெளிஞ்சு உள்ள போனான். அது எனக்குப் பிடிச்சிருந்தது."

"கூட்டத்துக்கு யார் வேணா வரலாமே! அதுக்கு எதுக்குக் குத்தம் பண்ணணும்?" என்றார் ஓர் உறுப்பினர்.

"சும்மாவும் வந்து பார்த்தேன் சார். ஆறுதல் சொல்லப் போனா, 'உங்களுக்கென்ன, வெளியில நின்னு ஆயிரம் பேசலாம்'னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நம்ம கையிலயும் ஒரு விசாரணை நோட்டீஸ் இருந்தாத்தான் பேசறாங்க. அதான் வகுப்புக்குப் போயிட்டும் சொல்லாம விட்டுட்டேன்."

யெசேனியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உறுப்பினர்கள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பிறகு வின்னிஃப்ரெட் நிமிர்ந்தார், அதே கடுகடு முகத்தோடு.

"வகுப்புக்குப் போகாத குற்றம் தள்ளுபடி. ஆனா, போனதை மறைச்சு வாரியத்தையே ஏமாத்தியிருக்கீங்க. அதை விட முடியாது."

டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"தண்டனையைக் கேட்டுக்கோங்க. இந்த வருஷம் நடக்கற எல்லாக் கூட்டத்துக்கும் நீங்க வரணும். ஆனா ஹாலுக்குள்ள கால் வைக்கக் கூடாது, வெளியிலதான் உட்காரணும். ஒவ்வொரு தடவையும் உங்க பேருக்கு ஒரு நோட்டீஸ் நானே அனுப்பி வைக்கிறேன்!"